பத்துக்குப் பத்துப் போட்ட பிக்கப்

சிவநேசன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கதிரையைத்தான் தேடுவார். ஆறடி மனிதர். தான் நின்று கதைத்தால் மற்றவர்களுக்குக் கழுத்து வலிக்குமே என்ற நல்லெண்ணமாகவும் இருக்கலாம். போன மாதம் வந்தவர் கதிரைப் பக்கமே போகவில்லை. பிரிட்ஜில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"இருங்கோ," என்றேன்.

"இருக்கேலாது அண்ணை. இருந்தால் எழும்பேலாது."

முதுகெலும்பில் ஒரு வட்டு விலகியிருக்கிறது. கோடை முழுவதும் பாலத்துக்கு அப்பால் லவாலில் வீடு வீடாகப் புல் வெட்டி, வேலி கத்தரித்து, மண்மூட்டை சுமந்ததன் பலன். மூன்று மாதத்துக்கு ஒன்றும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிக்கப் ஓட்டவும் கூடாது. அதிலும், முன்னால் பனி தள்ளும் ப்ளேட்டைப் பூட்டிக்கொண்டு ஓட்டவே கூடாது. ப்ளேட் நடைபாதைக் கல்லில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி நேரே முதுகுக்குத்தான் போகும்.

அப்போது நவம்பர் பிறந்து சில நாட்கள். பனி எந்த நாளும் விழலாம். லவாலில் பதினொரு வீட்டு வாசல்களைக் குளிர்காலம் முடியும்வரை துப்புரவாக்கித் தருவதாகச் சிவநேசன் ஒக்டோபரிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். முதல் பனிக்கு ஆள் வராவிட்டால் வீட்டுக்காரர்கள் வேறு ஆள் பிடிப்பார்கள். பனிக்குப் போனவர்கள் புல்லுக்கும் திரும்பி வரமாட்டார்கள். பிறகு அந்தப் பெரிய பிக்கப் எதற்கு? பல வருடம் மற்றவர்களுக்குக் கீழ் வேலை செய்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்தான் அதை இரண்டாம் கையாக வாங்கிச் சொந்தத் தொழில் தொடங்கியவர்.

"ஒரு ஆளை வைச்சு ஓடேலாதோ?"

"ஓடத் தெரிஞ்சவன் எல்லாம் இப்ப புக்காகிட்டான் அண்ணை." பிரிட்ஜில் ஊன்றிய கையை மாற்றினார். "ஸ்டெல்லா தான் ஓடுறன் எண்டுறா."

ஸ்டெல்லா அவருடைய மனைவி. மட்டக்களப்பு. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் பின்னேர வேலை. வீடு இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து தினமும் தன் சின்னக் காரில் நெடுஞ்சாலை ஏறிப் போய் வருகிறவர். போன வருடப் பனிப்புயலில் நான் வீட்டு யன்னலைத் திறக்கவே யோசித்த நாளில், அவர் வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"பிறகென்ன? நல்ல விசயம்தானே."

"கால் எட்டாது."

ஸ்டெல்லாவின் உயரம் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. முந்தைய வாரம் ஒரு காலி வாகனத் தரிப்பிடத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தால் கால் பிரேக்கைத் தொட்டது. ஆனால் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடித்தது. தலையணை வழுக்கியதும் கால் பிரேக்கை விட்டுவிட்டது. பிக்கப் தன் பாட்டில் உருண்டு போய், சாமான் வண்டில்கள் நிறுத்தும் கம்பிக் கூட்டை முத்தமிட்டு நின்றது. ஆளுக்கும் சேதமில்லை, கம்பிக்கும் சேதமில்லை. சிவநேசனின் மனதுக்குத்தான்.

"விக்கிறதெண்டு முடிவு. வாற ஞாயிறு ஒருத்தன் பாக்க வாறான்," என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "நான் வந்தது இதுக்கு."

கடிதம் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்திருந்தது. முழு அளவுப் பிக்கப் வைத்திருப்பவர்கள் சிலரைக் கூப்பிட்டு, அடுத்த மொடலில் என்னென்ன திருத்தம் வேண்டும் என்று கேட்கப்போகிறார்களாம். வியாழக்கிழமை காலை, டோர்வலில் ஒரு ஹோட்டலில். பிக்கப்பிலேயே வரவேண்டும். வீட்டில் ஓட்டுகிற இன்னொருவரையும் கூட்டி வரலாம். மொழி சிரமமென்றால் உதவிக்கு ஒருவரும் வரலாம். மத்தியானச் சாப்பாடு உண்டு.

"விக்கப்போற வண்டிக்கு என்ன திருத்தம் அண்ணை? ஸ்டெல்லாதான் போகவேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறா. உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். நீங்கள் பிரெஞ்சு தெரிஞ்ச ஆள்."

"உங்களை எப்பிடிப் பிடிச்சாங்கள்?"

அதற்கும் பதில் கையோடு இருந்தது. வசந்தத்தில் ஒரு கேள்விக்கொத்து வந்ததாம். நிரப்பி அனுப்பியிருக்கிறார். அனுப்புவதற்கு முன் போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருக்கிறார். எடுக்காமல் விடுவோமா?

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் புள்ளி போடவேண்டும். இருக்கை — பத்து. ஹீட்டர் — பத்து. துருப் பிடிக்காமை — பத்து. கூரையில் திறக்கும் சண்ரூஃப் — பத்து.

"உங்கட ட்ரக்கிலை சண்ரூஃப் இருக்கோ?"

"இல்லை."

"அப்ப பத்து?"

"இல்லையெண்டு எழுதினால் ஏனெண்டு கேப்பாங்கள்."

கடைசிப் பக்கத்தில், 'உங்கள் வாகனத்தில் நீங்கள் விரும்பும் மாற்றங்கள்' என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள். அதில் சிவநேசன் அழகான கையெழுத்தில் ஒரு சொல் எழுதியிருந்தார். மெர்சி — நன்றி.

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு யோசித்தேன்.

எங்கள் ஆட்களுக்குப் படிவம் என்றால் என்ன? இந்த நாட்டில் நாங்கள் நிரப்பிய முதல் படிவத்தில் எங்கள் உயிர் இருந்தது. நாலாம் பக்கத்தில் எழுதிய திகதியும் பதினோராம் பக்கத்தில் எழுதிய திகதியும் இரண்டு நாள் வித்தியாசப்படுகின்றன என்று, அகதி விசாரணையில் சிவநேசனை ஒரு முற்பகல் முழுவதும் துருவியிருக்கிறார்கள். அன்று அவர் படித்த பாடம் இதுதான். எழுத்தில் கொடுப்பது சுருக்கமாக இருக்கவேண்டும். எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். பிரதி கையில் இருக்கவேண்டும். அதே பாடத்தை ஒரு வாகனக் கம்பனிக்கும் ஒப்புவித்துவிட்டார்.

எனக்கும் இந்த வியாதி உண்டு. பல் டாக்டரின் படிவத்தில் 'வலி உண்டா?' என்ற கேள்விக்கு, ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மறுகையால் 'இல்லை' என்று எழுதியவன் நான்.

வியாழக்கிழமை பிக்கப்பை நான்தான் ஓட்டினேன். வேறு யார்? முன்பின் ஓட்டியதில்லை. ஏறுவதற்கே கதவைப் பிடித்துத் தொங்கவேண்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் வீதி கீழே எங்கோ கிடக்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கறுப்பு டேப் ஒட்டி மூடிய ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது. விரலை வைத்ததும், பக்கத்துச் சீட்டைச் சாய்த்துக் கிடந்த சிவநேசன் பதறினார்.

"அதைத் தொடாதேங்கோ அண்ணை. ட்ரெய்லர் பிரேக். பிள்ளையள் அமத்திப்போடுவினம் எண்டு நான் ஒட்டிவிட்டனான்."

கையை எடுத்துக்கொண்டேன். ஊரில் பத்திரிகை நிருபராகக் கேள்வி கேட்பதே தொழிலாக இருந்தவன், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஹோட்டலில் ஒரு நீள மேசை. எட்டு உரிமையாளர்கள். ஏழு பேர் இந்த நாட்டிலேயே பிறந்த பிரெஞ்சுக்காரர்கள் — தச்சர், கூரை வேலைக்காரர், மாட்டுப்பண்ணைக்காரர். கூட்டத்தை நடத்திய இளம் பெண் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: ஒரே ஒரு விசயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

நான் எதிர்பார்த்தது இன்னும் பெரிய எஞ்சின், இன்னும் பெரிய சில்லு. ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கூரைக்காரர், ஈரக் கையுறையைக் காயவைக்க ஹீட்டருக்குப் பக்கத்தில் ஓர் இடம் கேட்டார். தச்சர், பின்பெட்டிக்குள் வெளிச்சம் போதாது என்றார். இன்னொருவர், வீதியில் கொட்டும் உப்பு சில்லுக்கு மேலுள்ள தகரத்தை மூன்று குளிர்காலத்தில் தின்றுவிடுகிறது என்று சொல்லி, தின்ற அளவை விரலால் காட்டினார். கஸ்தோன் என்ற பண்ணைக்காரருக்குத் தாடி நெஞ்சுவரை இருந்தது. அவர் கேட்டது, தன் நாய் ஏற வசதியாகக் கதவு இன்னும் அகலமாகத் திறக்கவேண்டும் என்பது. நாய்க்கு வயதாகிவிட்டதாம்.

ஆயிரக்கணக்கான கிலோ இழுக்கிற வண்டி. ஆனால் மனிதருக்குக் குறை இருப்பதெல்லாம் கையுறை வைக்கிற இடத்தில்தான்.

சிவநேசனின் முறை வந்தது. எழுந்து நின்றார் — உட்கார முடியாததால் ஏற்கெனவே அரைவாசி நின்றுகொண்டிருந்தவர்தான்.

"எல்லாம் நல்லது," என்றார் பிரெஞ்சில். "மிக நல்லது."

"ஒரு சின்னக் குறைகூட இல்லையா?"

"இல்லை. நன்றி."

விருந்துக்குப் போன வீட்டில் கறிக்கு உப்புக் குறைவு என்று எங்களில் யார் சொல்லியிருக்கிறோம்? அந்தப் பெண் மரியாதையாக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

அப்போது ஸ்டெல்லா என் கையைத் தட்டினார். மடியில் ஒரு காகிதம் இருந்தது. வேலைத்தலத்து முறைநேர அட்டவணையின் பின்பக்கத்தில் நெருக்கி எழுதியிருந்தார்.

"அண்ணன், நான் சொல்றத அப்பிடியே சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

"ஸ்டெல்லா, பொறுமன்," என்றார் சிவநேசன் தணிந்த குரலில்.

"நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க தானே. இப்ப நான் சொல்றன்." காகிதத்தைப் பார்த்தார். "இந்த ட்ரக் ஆருக்குச் செஞ்சது எண்டு கேளுங்க. சீட்டு என்ர நெஞ்சு உசரத்துக்கு இரிக்கு. ஏறப் படி இல்ல. ஏறினா கால் எட்டல்ல. தலையணை வெச்சாக் கால் எட்டுது, மறுகா ஸ்டீயரிங் நெஞ்சில முட்டுது. பின்கதவத் திறந்தா அது என்னயும் சேத்துக் கீழ கொண்டு போகுது. எனக்கு சண்ரூஃப் வேணாம். என்ர கால் பிரேக்குக்குப் போற மாதிரி வேணாம். பிரேக் என்ர காலுக்கு வாற மாதிரி வேணும்."

அப்படியே சொன்னேன். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நீங்கள் இதை ஓட்டுகிறீர்களா?"

சிவநேசன் முந்திக்கொண்டார். "இல்லை, இல்லை. நாங்கள் விற்கப்போகிறோம்."

"ஓட்டத்தான் கேக்கன் எண்டு சொல்லுங்க அண்ணன். இவருக்கு முதுகு ஏலாது. பதினொரு வீடு பாத்துக்கொண்டு இரிக்கிறாங்க. நான் ஓடாட்டி எல்லாம் போயிரும்."

அதையும் சொன்னேன். தாடிக்காரக் கஸ்தோன் முன்னால் சாய்ந்தார். பிக்கப் எந்த மொடல், எந்த வருடம் என்று கேட்டார். சிவநேசன் சொன்னார். கஸ்தோன் தாடியைத் தடவினார்.

"என் மனைவி உங்களைவிடக் கட்டை. என்னிடம் இருப்பதும் அதே வண்டி. அவள் ஓட்டுகிறாள்," என்றார். "ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன் இருக்குமே?"

நான் சிவநேசனைப் பார்த்தேன். சிவநேசன் கூரையைப் பார்த்தார்.

இடைவேளையில் நாலு பேரும் வாகனத் தரிப்பிடத்துக்குப் போனோம். கஸ்தோன் ஸ்டெல்லாவுக்குக் கையால் ஒரு படி மாதிரிக் கோத்துக் கொடுத்தார். அதில் கால் வைத்து அவர் ஏறி உட்கார்ந்தார். டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார். உள்ளே ஒரு பட்டன். அதன்மேல் ஒரு மிதியின் படம் — சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் படம்.

அமத்தினார். ம்ம்ம்... என்று ஒரு மெல்லிய சத்தம். பிரேக்கும் அக்சிலரேட்டரும் மூன்று விரலகலம் அவரை நோக்கி நகர்ந்து வந்தன.

ஸ்டெல்லா பிரேக்கை முழுவதுமாக அமத்தினார். விட்டார். மறுபடி அமத்தினார். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. சமையல்கூடத்தில் தன்னைவிட உயரமான தட்டு வண்டில்களைத் தள்ளுகிற பெண். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் அது ட்ரெய்லர் பிரேக் எண்டெல்லோ நினைச்சன்," என்றார் சிவநேசன்.

"எங்களிட்ட ட்ரெய்லர் இரிக்கா?"

கஸ்தோனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் திரும்பி நின்று சிரித்தார். கணவன் மனைவி கதைப்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லைப் போலிருக்கிறது.

வாகனத்தோடு வந்த கையேடு அன்றுவரை முன்பெட்டிக்குள் ஒருவரும் புரட்டாமல் கிடந்திருக்கிறது. அதை எடுத்து வாசிப்பது, தெரியாது என்று ஒப்புக்கொள்வதாகிவிடுமே? அவர் வாசிக்கவில்லை. அது 'அவருடைய' வண்டி என்று ஸ்டெல்லாவும் தொடவில்லை. மூன்று வருடம் அந்த மிதிகள் மூன்று விரலகலத்துக்கு அப்பால் காத்திருந்தன. குறையைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிற வீடுகளில் இப்படி எத்தனை பட்டன்கள் டேப்புக்குக் கீழே கிடக்கின்றனவோ...

வாங்க வருகிறவருக்கு அன்றே தொலைபேசி எடுத்து, வண்டி விற்பனைக்கில்லை என்று சிவநேசனைச் சொல்லவைத்தார் ஸ்டெல்லா. எனக்கு முன்னால், ஹோட்டல் வாசலில் வைத்தே.

பட்டன் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு கிரேக்கர், இரண்டு பக்கமும் இரும்புப் படி பொருத்திக் கொடுத்தார். இருக்கையின் மேல் கெட்டியான ஃபோம் ஒன்றைத் தைத்துப் போட்டதும் பக்கக் கண்ணாடிகளில் பின்வீதி தெரிந்தது. பின்கதவின் பாரத்துக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. அதைத் திறப்பதென்றால் யாராவது ஒரு கை கொடுக்கத்தான் வேண்டும். அடுத்த மொடலில் பார்க்கலாம்.

பிறகு பயிற்சி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, லவாலில் கடைகள் திறப்பதற்கு முன், வெறும் தரிப்பிடத்தில். முதல் நாள் ப்ளேட்டைத் தூக்க மறந்து நடைபாதைக் கல்லில் இடித்தார். பக்கத்தில் முதுகுப் பட்டி கட்டியிருந்த சிவநேசன் போட்ட சத்தத்துக்கு, தூரத்தில் நின்ற கடற்பறவைகள் எல்லாம் எழும்பிப் போனதாக ஸ்டெல்லா சொன்னார். இரண்டாம் நாள் இடிக்கவில்லை. அவருடைய சத்தம் மட்டும் அதே அளவில் இருந்ததாம்.

போன சனிக்கிழமை பனி வந்தது. காலையில் தொடங்கி மத்தியானத்தோடு ஓய்ந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நின்ற ஆழம். ஸ்டெல்லாவுக்கு அன்று விடுமுறை. பின்சீட்டில் எனக்கும் ஒரு இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் வீட்டில் ப்ளேட் ஒரு துண்டுப் புற்றரையையும் சேர்த்து வழித்தது.

"கோடைக்கு வெட்டுறதுக்குப் புல்லை மிச்சம் விடும்," என்றார் சிவநேசன்.

"மிச்சம் இரிக்கிறது உங்களுக்குப் போதும்."

இரண்டாம் வீட்டில் நேராகப் போனார். மூன்றாம் வீடுதான் எங்களுக்கெல்லாம் பயம். அந்த வீட்டு மேடம் அந்த வாரம் இரண்டு முறை தொலைபேசி எடுத்திருந்தார்: வருவீர்களா, இல்லை நான் வேறு ஆளைப் பார்க்கட்டுமா? பிக்கப் வாசலில் திரும்பியதும் கதவு திறந்தது. கோட்டைப் போர்த்திக்கொண்டு, வீட்டுச் செருப்போடு படியில் வந்து நின்றார். கராஜ் கதவுக்கு ஒரு அடி முன்னால்வரை ப்ளேட்டைக் கொண்டுபோய், தாழ்த்தி, பின்னுக்கு இழுத்து, பனியை ஒரு ஓரமாகத் தள்ளிக் குவிக்கிற வேலை. ஸ்டெல்லா நாலு முறை போய் வந்தார். கராஜ் கதவில் ஒரு கீறல் இல்லை.

மேடம் கிட்ட வந்து யன்னலைத் தட்டினார்.

"உரிமையாளர் வரவில்லையா?"

ஸ்டெல்லா கண்ணாடியைக் கீழிறக்கினார். சமையல்கூடத்தில் படித்த பிரெஞ்சு. ஆனால் தெளிவான பிரெஞ்சு.

"உரிமையாளர் நான்தான், மேடம்."

மேடம் குனிந்து மறுபக்கம் பார்த்தார். அங்கே ஆறடி மனிதர் சீட்டுக்குள் சுருங்கி உட்கார்ந்திருந்தார். எழுதிக் கொடுக்கிற எதையும் இரண்டு முறை யோசிக்கிற சிவநேசன், இதற்கு யோசிக்கவே இல்லை.

"ஆம்," என்றார். "நான் உதவியாளர்."

மேடம் வாசலை ஒரு தரம் அளந்து பார்த்தார். அடுத்த முறை தபால்பெட்டிப் பக்கமும் கொஞ்சம் பார்த்துத் தள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த முறை! ஸ்டெல்லா கண்ணாடியை மேலேற்றிவிட்டு அந்த இரண்டு சொல்லையும் தனக்குத்தானே பிரெஞ்சில் ஒருதரம் சொல்லிக்கொண்டார். பிறகு நாலாம் வீட்டுக்குத் திருப்பினார்.

பதினோராம் வீடு முடிந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வீதியோரத்தில் நிறுத்திவிட்டு மூவரும் பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீர் குடித்தோம். எனக்குப் பழக்கதோஷம். கேட்டேன்.

"இனி இந்த ட்ரக்கிலை என்ன திருத்தவேணும், ஸ்டெல்லா?"

அவர் பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். நன்றாக யோசித்தார்.

"அந்தப் பக்கத்துச் சத்தத்தக் குறைக்க ஏதாவது செய்யச் சொல்லுங்க, அண்ணன்."

பாலம் கடந்து வீடு வந்து சேரும்வரை சிவநேசன் வாய் திறந்தது இரண்டே முறைதான். இரண்டு முறையும் "பிரேக்" என்றார். இரண்டு முறையும் ஸ்டெல்லாவின் கால் எட்டியது.